மிஸ்ஸியின் காருக்கு விளக்கெண்ணெய்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரித் தாதியாக வேலை பார்த்த பெண்கள் நிறைய. எல்லாரையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் முன்னே பின்னே எதுவும் சேர்க்காமல் "மிஸ்ஸி வராங்க" என்று யாராவது சொன்னால், பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவது இவர் ஒருவருக்காகத்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க அவர் இடைவெளி கொடுத்தால்தானே.

பார்த்த உடனே நெற்றியில் புறங்கையை வைப்பார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் நாக்கு. நீங்கள் பாசாரில் மீன் வாங்க நின்றாலும் சரி, கோயிலில் விபூதிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றாலும் சரி, அவர் சொன்னால் நாக்கை நீட்டித்தான் ஆகவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு தீர்ப்பு வரும். அது எப்போதும் ஒரே தீர்ப்புதான்.

"வயிறு சுத்தமா இல்ல."

தலைவலி என்று போனவருக்கும் அதுதான், முழங்கால் வலி என்று போனவருக்கும் அதுதான். நான் போமன், அதாவது கார் ரிப்பேர் செய்கிறவன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தேன். ஒருமுறை ஸ்பானர் வழுக்கி என் கட்டை விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மிஸ்ஸி கட்டுப் போட்டார். குறை சொல்ல முடியாத கட்டு. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நாக்கைப் பார்த்தார்.

"வயிறு சுத்தமா இல்ல."

"அடிபட்டது விரல்ல, மிஸ்ஸி."

"விரலு எதுல ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"கையில."

"கை?"

"ஒடம்புல."

"ஒடம்புக்கு நடுவுல என்னா இருக்கு?"

அந்த அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவன் எவனும் கிடையாது. அன்று சாயங்காலம் விளக்கெண்ணெய் குடித்தேன். மறுநாள் பட்டறையைத் திறக்க முடியவில்லை. விரல் என்னவோ சீக்கிரமே ஆறிவிட்டது. அதற்குக் காரணம் கட்டுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

பள்ளி விடுமுறை தொடங்குகிற முதல் சனிக்கிழமை காலையில் நீங்கள் எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்க வேண்டும். விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது அப்போது எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற இடங்களில் பெற்றவர்களே கொடுப்பார்கள். பிள்ளை அழுதால் அவர்களுக்கு மனசு இளகும், பாதியைக் கொட்டிவிட்டுக் குடித்துவிட்டான் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் அந்தக் கதையே நடக்காது. மிஸ்ஸியே வீடு வீடாக வருவார். ஒரு கையில் போத்தல், ஒரு கையில் கரண்டி, இடுப்பில் செருகிய துண்டு. மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, ஊற்றி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, உடனே ஓர் ஆரஞ்சுச் சுளையை வாயில் திணிப்பார். அந்த வேகத்தில் நான் ஒரு பிளக் கூட மாற்றியதில்லை. பாவம், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சீனப் பெருநாளுக்கு யாராவது ஆரஞ்சுப் பழம் நீட்டினால் அழுதுகொண்டு ஓடுவார்கள். கொடுத்த சீனர் ஒன்றும் புரியாமல் நிற்பார்.

மனுஷர்களோடு விட்டாரா என்றால், அதுவும் இல்லை. அவர் வீட்டு ரேடியோ ஒருமுறை கரகரவென்று இரைந்தது. பின் மூடியைக் கழற்றி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ரேடியோ வாயே திறக்கவில்லை. "இப்ப கரகரப்பு இருக்கா, நீயே சொல்லு" என்று என்னைக் கேட்டார். கரகரப்பு இல்லைதான்.

இப்படிப்பட்ட ஒருவர் கையில் ஒரு காரும் இருந்தது. வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார். வளைந்த கூரை, சாம்பல் நிறம், முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்த பம்பர். கோலாலம்பூரில் அந்தச் சாதிக் கார்கள் குறைந்துகொண்டே வந்த காலம். ரசனை உள்ளவர்கள் சாலையில் நிறுத்தி விலை கேட்பார்கள். மிஸ்ஸி அவர்களுடைய நாக்கைப் பார்த்து அனுப்பிவிடுவார்.

காரை நன்றாகத்தான் வைத்திருந்தார். எண்ணெய் மாற்றுவதில் குறை இல்லை, டயர் குறை இல்லை. பெட்ரோலில்தான் வம்பு. டேங்கில் பாதிக்கு மேல் ஊற்றவே மாட்டார்.

"அரை வயிறுதான் சாப்பிடணும், தம்பி. மீதி காத்துக்கும் தண்ணிக்கும். மனுஷனுக்கு என்னாவோ அதான் காருக்கும்."

வெள்ளிக்கிழமை அவர் விரதம் இருப்பார். அன்றைக்குக் காருக்கும் பெட்ரோல் கிடையாது.

நம் ஊர்க் காற்று ஈரக் காற்று. டேங்க் பாதி காலியாகக் கிடந்தால் ராத்திரிக் குளிரில் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். தண்ணீர் சேர்ந்தால் தகரத்தில் துரு பிடிக்கும். துரு உதிர்ந்து பெட்ரோல் குழாய்க்குள் போகும், குழாய் அடைக்கும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். இதைப் பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் என்னை நாக்கை நீட்டச் சொன்னார்.

நான் சொன்னது நடந்தது. கார் பங்சார் மேட்டில் இருமியது, திணறியது, நின்றது. பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், டேங்குக்குள் அழுக்கு, கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று போனார்.

சில நாள் கழித்து ஒரு காலை. பட்டறை முன்னால் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான். அடுத்தவன் உறிஞ்சினான். கோலியைக்கூட எடுக்காமல் அத்தனை பேரும் ஓட்டம் பிடித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த நாற்றம் எனக்கும் வந்தது. விளக்கெண்ணெய். தெருமுனையில் மிஸ்ஸியின் கார் வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டுக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்து என் வாசலில் நின்று உயிரை விட்டது.

"மிஸ்ஸி, டேங்குல என்னா ஊத்துனீங்க?"

"நீதானே சொன்ன, உள்ள அழுக்கு இருக்கு, அடைச்சிக்கிட்டு இருக்குன்னு."

"சொன்னேன்."

"அடைச்சிக்கிட்டு இருந்தா என்னா குடுப்பாங்க?"

"எவ்ளோ ஊத்துனீங்க?"

"ஒரு போத்தல். பெரிய ஒடம்பு இல்ல?"

தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். விளக்கெண்ணெய் பெட்ரோலோடு ஒழுங்காகக் கலக்காது. அடியில் போய்த் தங்கும், அங்கே கிடக்கிற துருவோடு சேர்ந்து குழம்பும், சூடு பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். டேங்கைக் கழற்றி இறக்கினேன். உள்ளே இருந்து வந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பஞ்சாமிர்தம் மாதிரி இருந்தது, வாசனையைத் தவிர.

சுடுதண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, கைப்பிடி கைப்பிடியாகச் சின்னக் கற்களைப் போட்டு, வாயை அடைத்து, டேங்கைத் தரையில் உருட்டோ உருட்டென்று உருட்டினேன். அப்படி உருட்டினால் கல் உரசித் துரு பெயர்ந்து வரும். மிஸ்ஸி வேலை முடிந்து வரும் வழியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"என்னா ஊத்துன?"

"சோடா."

"அதுவும் பேதிக்குத்தானே?"

அடுத்து, அடியில் ஓடுகிற பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு முனையில் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்தேன். மறுமுனையில் கறுப்பாக, கட்டி கட்டியாக வந்து விழுந்தது.

"எனிமா" என்றார் மிஸ்ஸி, ரொம்பத் திருப்தியாக.

வெயிலில் காய்ந்த டேங்கைத் தூக்கிப் பார்த்தபோது அடித் தையலில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தது. அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருதான். பித்தளை வைத்து ஒட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடித்துவிடும். அந்த வேலைக்கென்று புடுவில் ஒரு சீனர் இருந்தார். அவர் சீனப் பெருநாளுக்குக் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு ஈப்போ போய்விட்டார். டேங்க் என் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கார் வயிறில்லாமல் நின்றது.

இந்த நேரம் பார்த்தா என் மகள் பிறக்க வேண்டும்?

என் மனைவிக்கு அது தலைப் பிரசவம். வளைகாப்பு முடிந்து, கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய அக்கா பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். இங்கே இருந்தபோது இவள் பகலில் சிரித்துப் பேசுவாள், ஆனால் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். நான் சொன்ன ஆறுதல் எதுவும் ஏறவில்லை. கடைசியில் மிஸ்ஸிதான் அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"வலி வந்ததும் எனக்குப் போன் பண்ணு. நீ கிள்ளான் ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கும்போது நான் அங்க நிப்பேன். நான் நின்னாதான் எறங்கணும். சரியா?"

சரி என்றாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்கூட. தாலி கட்டினவன் சொன்னால் கேட்க மாட்டாள்.

சீனப் பெருநாள் அன்று காலை மிஸ்ஸி வெள்ளை யூனிபார்மும் கைப்பையுமாகப் பட்டறைக்கு வந்தார். நெற்றியைத் தொடவில்லை. நாக்கைக் கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"வலி வந்திருச்சு, தம்பி. நாளு இன்னும் இருக்கு, இருந்தாலும் வந்திருச்சு. ஒன் மச்சான் லோரிய எடுத்துக்கிட்டு நிக்கிறான். அவ ஏற மாட்டேங்கிறா. மிஸ்ஸி வாசல்ல நிப்பாங்களான்னு போன்ல அழுவுறா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நிப்பேன்னு சொன்னேன். அப்புறந்தான் ஏறுனா."

இரண்டு பேரும் திரும்பிக் காரைப் பார்த்தோம்.

டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு வண்டி இல்லை. ரயில் போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான். என் மோட்டார் சைக்கிளைக் காட்டினேன். மிஸ்ஸி பின்னால் நகர்ந்தார்.

"அதுல போனவங்களத் தைச்சுத் தைச்சே என் கை ஓஞ்சு போச்சு. அதுல ஏறுனா ஒன் பொண்டாட்டிக்கு முந்தி நான்தான் அட்மிட் ஆவேன்."

"அப்ப எப்படி, மிஸ்ஸி? கார்ல டேங்க் இல்ல லா."

"வாயால சாப்பிட முடியாத நோயாளிக்கு நாங்க என்னா செய்வோம்?" என்று கேட்டுவிட்டு, கையை மேலே தூக்கிக் காட்டினார். டிரிப் போத்தலைப் பிடிக்கிற மாதிரி.

போமன்களுக்குத் தெரிந்த வித்தைதான் அது. பதற்றத்தில் எனக்கு நினைவு வரவில்லை, அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்தார் என்று பிற்பாடு பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

பாகங்கள் கழுவுவதற்கு வைத்திருந்த நல்ல பெட்ரோலை ஒரு எண்ணெய் டின்னில் ஊற்றிக் கூரை மேல் வைத்துக் கயிற்றால் கட்டினேன். டின்னின் அடியிலிருந்து ரப்பர் குழாய். அது முன் கண்ணாடி ஓரமாக இறங்கி, பானெட் இடுக்கு வழியாக நேரே கார்புரேட்டருக்குப் போனது. ஒரே குழாய் நீளம் போதவில்லை, இரண்டை ஒட்ட வேண்டியிருந்தது. அந்த ஒட்டில் சொட்டியது. பெட்ரோல் கசிவுக்குச் சவர்க்காரக் கட்டி, அதான் சோப்பு, கைகண்ட மருந்து. அழுத்திப் பூசினேன், நின்றது. இன்ஜினைக் கிளப்பியதும் ஆட்டத்தில் மறுபடி சொட்டியது.

"நீ ஓட்டு. டிரிப்ப நான் பாத்துக்கிறேன்" என்று மிஸ்ஸி இடப்பக்கம் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, அந்த ஒட்டைச் சவர்க்காரத்தோடு சேர்த்து முஷ்டியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஃபெடரல் ஹைவேயில் அன்று கூட்டமே இல்லை. சாலைக்கு மேல் நிற்கிற கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டினோம். மனசுக்குள் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். மிஸ்ஸி சிவப்பு விளக்கு வந்தால் குழாயைக் கிள்ளி அடைப்பார், பச்சை வந்தால் விடுவார். அதற்கு அவசியமே இல்லை, கார்புரேட்டர் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். சொன்னேன்.

"நீ ரோட்டப் பாரு. பேஷண்டப் பத்தி எனக்குத் தெரியும்."

சிங்க நடன மேளத்தோடு ஒரு லோரி எங்களைத் தாண்டிப் போனது. மேளக்காரப் பையன்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் கூரையைப் பார்த்தார்கள்.

பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு நிறுத்தினார். கூரையில் டின், பாதி திறந்த பானெட், வெளியே நீட்டிய கை, அந்த நாற்றம். யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். இது என்ன என்று மலாயில் கேட்டுக்கொண்டே மிஸ்ஸி பக்கம் ஜன்னலில் குனிந்தார். குனிந்திருக்கக் கூடாது. மிஸ்ஸியின் இன்னொரு கை அவர் நெற்றிக்குப் போய்விட்டது. இமை, நாக்கு, எல்லாம் வரிசையாக நடந்தது. வயிறு சுத்தமாக இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, கிள்ளானில் ஒரு பெண் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள் என்பதையும் சொன்னார். அந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறி எங்களுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷர்.

ஆனாலும் நாங்கள் பிந்திவிட்டோம். லோரி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே நடந்ததை என் மாமியார் பிற்பாடு சொன்னார். வாசலில் மிஸ்ஸி இல்லை என்றதும் என் மனைவி லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். வலி வந்து வந்து போகிறது. அம்மா கெஞ்சுகிறார், தாதிகள் தள்ளுவண்டியோடு நிற்கிறார்கள், தம்பிக்காரன் அழுகிறான். அக்கா பெயரைச் சொல்லிச் சொல்லி இவளும் அழுதாளாம்.

டேங்கைத்தான் நான் கழற்றியிருந்தேன், புகைக் குழாயைத் தொடவில்லை. அதற்குள் ஊறிப்போயிருந்த விளக்கெண்ணெய் பிரிக்பீல்ட்ஸிலிருந்து புகைந்துகொண்டேதான் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நாங்கள் திரும்பும்போதே காற்று அதை உள்ளே கொண்டு போயிருக்கிறது. என் மனைவி அழுகையை நிறுத்தினாளாம். மூக்கை உறிஞ்சினாளாம்.

"மிஸ்ஸி வந்துட்டாங்க. என்னைய எறக்கி விடுங்க."

நான் காரை நிறுத்தியபோது அவள் தரையில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி ஓடிப்போய் அவள் தோளை அணைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். அங்கே தலைமைத் தாதி அவரோடு படித்தவராம், கூட இருக்க விட்டார்கள். நானும் மச்சானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் எட்டிக் காரைப் பார்த்துவிட்டு, "மாமா, கார்ல ஏன் சோப்பு ஒட்டியிருக்கு?" என்று கேட்டான். எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது.

பெண் குழந்தை. என்னை உள்ளே விட்டபோது மனைவி தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். மிஸ்ஸி சுவரோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பார்த்ததையெல்லாம் தொடுகிற மனுஷி, குழந்தையின் பக்கமே போகவில்லை.

"ஏன் மிஸ்ஸி அங்க நிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"எவ்ளோ கழுவியும் பெட்ரோல் வாடை போவல. புள்ளைக்கு ஆவாது."

கையைக் காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன் என்றார். நானே இழுத்துப் பார்த்தேன். வழி முழுக்கச் சொட்டிய பெட்ரோலில் உள்ளங்கை வெளுத்து, சுருங்கி, தோல் உரியத் தொடங்கியிருந்தது. எரிச்சல் தாங்க முடியாமல் இருந்திருக்கும். கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது அந்தக் கை, நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இவரையா இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினோம் என்று இருந்தது.

"தொடுங்க, மிஸ்ஸி. அந்த வாடை வந்ததாலதான் நான் எறங்குனேன்" என்றாள் மனைவி.

மிஸ்ஸி தயங்கித் தயங்கி வந்தார். நல்ல கையின் புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். இமையை இழுக்கவில்லை. குழந்தை தானாகவே நாக்கை நீட்டியது. நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"சுத்தமா இருக்கு" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் வேறு யாருக்கும் அவர் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருநாள் முடிந்து டேங்கை ஒட்டி மாட்டிய அன்று, அவருக்குத் தெரியாமல் கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தேன். மறுநாளே வந்து, காருக்கு அஜீரணம் என்று புகார் சொன்னார்.

என் மகளுக்குக் கொடுத்த அந்த நற்சான்று அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நின்றது. முதல் விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில் தெருவில் அந்தக் காரின் சத்தம் கேட்டது. என் மனைவி ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.